உப்புக் காற்றும் நிலக்கரிப் புகையும்: மரக்காணம் கடற்கரை சொல்லும் வரலாறு

முன்னுரை

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்பவர்கள் மரக்காணத்தில் சாலையோரம் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் உப்பைப் பார்க்காமல் போக முடியாது. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இந்த ஊரைச் சுற்றி மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உப்பளங்கள் உள்ளன. தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்குப் பெயர் பெற்ற ஊர்களைச் சொல்லும்போது மரக்காணத்தையும் சேர்த்தே சொல்வார்கள்.

இந்தக் கடற்கரையின் காற்றில் நிலக்கரிப் புகை கலக்க இருந்தது. மரக்காணத்துக்கு வடக்கே அடுத்த வட்டமான செய்யூரில் 4000 மெகாவாட் அனல் மின் நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. அது கட்டப்படவில்லை. ஆனால் இதே கடற்கரையில் வடக்கே எண்ணூரிலும் தெற்கே கடலூரிலும் ஆலைகள் எழுந்தன. அங்குள்ள மக்கள் அதன் பலனை மூச்சில் அனுபவித்தார்கள். இந்த மூன்று ஊர்களின் கதையையும் சேர்த்துப் படித்தால் காற்று மாசு என்றால் என்ன, அது உடலையும் சூழலையும் என்ன செய்கிறது என்பது விளங்கும். ஓர் ஊரின் காற்று சுத்தமாக இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

காற்றில் விளையும் பயிர்

மரக்காணத்தின் உப்புத் தொழில் மிகப் பழமையானது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தைப் பற்றிப் பேசுகிறது. அந்த எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த நூலைப் பாடிய புலவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவருடைய இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில் செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சியாக இருக்கிறது. உப்பை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகச் சென்று விற்ற உமணர்களையும் அந்த நூல் காட்டுகிறது.

உப்பு எப்படி விளைகிறது? உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி வைப்பார்கள். கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம்தான் உப்பு. மீதியெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரை வெளியேற்றுவது வெயிலும் காற்றும்தான். வெயில் தண்ணீரை ஆவியாக்குகிறது. பாத்தியின் மேல் தங்கி நிற்கும் ஈரமான காற்றைத் தள்ளிவிட்டு உலர்ந்த காற்றைக் கொண்டு வருவது வீசும் காற்று. காற்று அசையாத நாளில் எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆவியாதல் குறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். அதனால் ஆண்டின் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் வரைதான் உப்புக் காலம்.

ஆகவே உப்பளத் தொழிலாளிக்குக் காற்று என்பது உழவனுக்கு மழை மாதிரி. அந்தக் காற்றில் என்ன வந்தாலும் அது திறந்து கிடக்கும் பாத்தியில்தான் முதலில் விழும். கரித்தூளோ சாம்பலோ விழுந்தால் வெள்ளை உப்பு கறுத்துப் போகும், விலையும் போகாது.

இங்குள்ள காற்று முழுக்கத் தூய்மையானது என்றும் சொல்லிவிட முடியாது. அலை உடையும்போது தெறிக்கும் நீர்த்துளிகள் காய்ந்து உப்புத் துகள்களாகக் காற்றில் மிதக்கின்றன. கடலோர வீடுகளின் ஜன்னல் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான். சாலை வாகனங்களின் புகையும் விறகடுப்புப் புகையும் இங்கும் உண்டு. ஆனால் பெரிய ஆலைப் புகை இந்தக் கடற்கரைக்கு வந்ததில்லை.

கால்வாயின் ஒரு முனையும் மறு முனையும்

மரக்காணத்தையும் எண்ணூரையும் இணைப்பது பக்கிங்காம் கால்வாய். சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1806-ல் வெட்டி முடிக்கப்பட்ட சிறிய கால்வாயாக இது தொடங்கியது. பிறகு வடக்கே ஆந்திரக் கடற்கரை வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட பகுதி நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. உப்பும் விறகும் நெல்லும் இந்தக் கால்வாயில் படகுகளில் போயின.

எண்ணூரும் மரக்காணத்தைப் போலவே உப்பளங்களும் கழிமுகமும் மீனவர் குப்பங்களும் கொண்ட ஊர்தான். சுதந்திரத்துக்குப் பிறகு சென்னையின் வளர்ச்சிக்குத் தேவையான ஆலைகள் எல்லாம் வடக்கு நோக்கிப் போயின. 1960-களில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1990-களில் வட சென்னை அனல் மின் நிலையம் வந்தது. நிலக்கரியை இறக்குவதற்கென்றே 2001-ல் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டது. 2012-க்குப் பிறகு வல்லூர் அனல் மின் நிலையமும் சேர்ந்துகொண்டது. இவற்றில் மிகப் பழையதான எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது.

ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாக அனுமதி வாங்கியது. ஆனால் அங்கு குடியிருப்பவர்கள் எல்லா ஆலைகளின் புகையையும் ஒரே மூக்கால்தான் சுவாசிக்கிறார்கள். எண்ணூர் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது, மீன்வளம் கெட்டது. இது பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கு. 2023 டிசம்பர் 26 இரவு அங்குள்ள ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்த மக்கள் மூச்சுத் திணறிச் சாலைக்கு ஓடி வந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

நிலக்கரிப் புகையில் என்ன இருக்கிறது?

செய்யூரில் வர இருந்தது போன்ற 4000 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கும் மேல் நிலக்கரியை எரிக்கும். அப்போது வெளியேறும் முக்கியமான மாசுகள் இவை:

1. நுண்துகள்கள்: 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களைப் பி.எம். 2.5 என்பார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கின் ரோமங்களும் சளியும் இவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் காற்றுப் பைகள் வரை சென்று இரத்தத்திலும் கலக்கின்றன. ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கும் இவை காரணமாகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-ல் வெளிக்காற்று மாசையே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது.

2. கந்தக டை ஆக்சைடு: நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிவதால் வருவது. கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், மூச்சுக்குழாயைச் சுருக்கும். காற்றில் வெகு தூரம் பயணம் செய்து சல்பேட் துகளாக மாறும். மழையில் கரைந்தால் அமில மழையாகும்.

3. நைட்ரஜன் ஆக்சைடுகள்: வெயிலில் மற்ற வாயுக்களுடன் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்கும். மேல் வளிமண்டலத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், தரை அருகே இருந்தால் நுரையீரலையும் பயிர்களின் இலைகளையும் கெடுக்கும். இந்த ஆக்சைடுகளிலிருந்து உருவாகும் நைட்ரிக் அமிலம் கடற்கரையில் மிதக்கும் உப்புத் துகளுடன் சேர்ந்து சோடியம் நைட்ரேட்டாக மாறி, ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடும். அதாவது கடலின் இயற்கையான உப்புக் காற்றே மாசாக உருமாறும்.

4. பாதரசம்: நிலக்கரியில் சிறிதளவே உண்டு. ஆனால் நீர்நிலையில் விழுந்தால் மீனின் உடலில் சேர்ந்து, அந்த மீனை உண்பவரின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து அதிகம்.

5. சாம்பல்: எரிந்தபின் மிஞ்சுவது. பெரும்பகுதியைப் புகைபோக்கிக்குக் கீழேயே பிடித்துவிடலாம். ஆனால் பிடித்ததை எங்கோ கொட்டியாக வேண்டும். கடற்கரைக் காற்றில் காய்ந்த சாம்பல் மேடு புழுதிப் புயலாகிவிடும்.

இவற்றுக்கு ஆலைகள் நெடுங்காலம் சொல்லி வந்த தீர்வு உயரமான புகைபோக்கி. இந்தியாவில் பெரிய அனல் மின் நிலையங்களின் புகைபோக்கி 275 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. உயரத்தில் விட்டால் புகை பரவி நீர்த்துப் போகும் என்பது கணக்கு. ஆனால் அது மாசை நீக்குவதில்லை, தூரத்துக்கு அனுப்புகிறது. பிரிட்டனின் உயர்ந்த புகைபோக்கிகளிலிருந்து சென்ற கந்தகம் நார்வே, ஸ்வீடன் நாட்டு ஏரிகளில் அமில மழையாக விழுந்தது இதற்கு உதாரணம்.

கடற்கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும். குளிர்ந்த கடற்காற்றில் மேலே மிதந்து செல்லும் புகை, சூடான நிலத்தின் மேல் வந்ததும் சுழலில் சிக்கிக் கீழே இறங்கும். அதாவது புகைபோக்கியின் அடியில் இருப்பவருக்குத் தெரியாமல், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்தில் புகை தரைக்கு வரும். உப்பை விளைவிக்கும் அதே காற்றுதான் இதையும் செய்யும்.

வாளியில் பிடித்த காற்று

மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியைத் தாண்டினால் கடலூர். அங்கு ஓடும் உப்பனாற்றின் கரையில் 1980-களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் போன்ற இரசாயன ஆலைகள் வந்தன. சுற்றியுள்ள ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் போன்ற ஊர்களின் மக்கள் அழுகிய முட்டை நாற்றம், நெயில் பாலிஷ் வாசனை, அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் என்று விதவிதமாகப் புகார் சொன்னார்கள். தலைவலி, கண்ணெரிச்சல், மூச்சடைப்பு என்றார்கள். அதிகாரிகள் வரும்போது நாற்றம் இருக்காது. நாற்றம் இருக்கும்போது அதிகாரிகள் வர மாட்டார்கள். மூக்கு சொல்லும் சாட்சி கோப்பில் ஏறவில்லை.

2004-ல் இந்தக் கிராமங்களைச் சேர்ந்தவர்களே காற்றைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. அதன் மூடியில் ஒரு வால்வு, உள்ளே இரசாயனங்களோடு வினைபுரியாத ஒரு பை. சிறிய பம்ப் மூலம் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் நிரம்பும். சில நிமிட வேலைதான். நாற்றம் வரும் அந்த நேரத்திலேயே காற்றைப் பிடித்துப் பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1990-களில் ஓர் எண்ணெய் ஆலையின் புகையால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வடிவமைக்கப்பட்ட எளிய கருவி இது.

கடலூரில் பிடித்த காற்று அமெரிக்க ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. முதல் மாதிரிகளிலேயே 22 நச்சு இரசாயனங்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. இந்தியாவில் அன்று அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெளிக்காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்ற அளவுகோலே இல்லை. அளவுகோல் இல்லாததால் யாரும் அளக்கவில்லை. அளக்காததால் மாசு இல்லை என்று சொல்ல முடிந்தது.

அதே ஆண்டு அபாயகரமான கழிவுகளுக்கான உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு கடலூருக்கு வந்தது. பிறகு நாக்பூரில் உள்ள நீரி என்னும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், சிப்காட் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்று எச்சரித்தது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 43 தொழிற்பகுதிகளை மிக மோசமாக மாசடைந்தவை என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் கடலூரும் இருந்தது, எண்ணூருக்குப் பக்கத்து மணலியும் இருந்தது.

சட்டம் வந்த வழி

காற்றுச் சட்டங்கள் பெரும்பாலும் சாவுக்குப் பிறகுதான் வந்திருக்கின்றன. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய நிலக்கரிப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பிறகே 1956-ல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் கொடுத்த வாக்கை ஒட்டி 1981-ல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றியது. 1984-ல் போபால் நடந்த பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2009-ல் தேசியக் காற்றுத் தர அளவுகள் திருத்தப்பட்டு 12 மாசுகளாக விரிந்தன. பி.எம். 2.5-ம் பென்சீனும் அப்போதுதான் பட்டியலில் இடம் பெற்றன.

அளவுகளிலும் இடைவெளி உண்டு. பி.எம். 2.5-க்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது 5 மைக்ரோகிராம். நுரையீரல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

செய்யூரில் நடந்தது என்ன?

நாட்டின் மின் பற்றாக்குறையைத் தீர்க்க மத்திய அரசு 2005-ல் மிகப்பெரிய அனல் மின் திட்டங்களை அறிவித்தது. ஒவ்வொன்றும் 4000 மெகாவாட். தமிழ்நாட்டுக்கான இடமாகச் செய்யூர் தேர்வானது. நிலக்கரி இறக்கப் பனையூர் கடற்கரையில் ஒரு துறைமுகமும் திட்டத்தில் இருந்தது. மின்வெட்டால் தமிழ்நாடு தவித்த காலம் அது. மின்சாரம் வேண்டும் என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

2013-ல் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். ஏரிகளும் கழிமுகமும் மணல்மேடுகளும் மீன்பிடி ஊர்களும் நிறைந்த பகுதி இது, ஆய்வு அறிக்கை இவற்றைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றார்கள். 2014-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அனுமதியை நிறுத்தி வைத்தது. ஆனால் திட்டம் முடங்கியதற்கு முக்கியக் காரணம் வேறு. ஏல விதிமுறைகள் பிடிக்காமல் தனியார் நிறுவனங்கள் விலகிக்கொண்டன. 2015 தொடக்கத்தில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதன் பிறகு அங்கே ஆலை எழவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்குப் போட்ட மக்கள் காலத்தை வாங்கிக் கொடுத்தார்கள். முடிவு செய்தது பணக் கணக்கு. மரக்காணத்துப் பாத்திகளில் இன்றும் சாம்பல் விழாமல் இருப்பது ஏதோ ஒரு சட்டம் அந்தக் காற்றைக் காப்பாற்றியதால் அல்ல.

2015 டிசம்பரில் மத்திய அரசு அனல் மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் ஆகியவற்றுக்குப் புதிய வரம்புகள் விதித்தது. இரண்டு ஆண்டுகளில் நிறைவேற்ற வேண்டும் என்றது. கந்தகத்தைப் பிடிக்கும் கருவியைப் பொருத்த வேண்டிய கெடு பிறகு பலமுறை தள்ளிப் போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல் மின் நிலையங்களுக்கு அந்தக் கருவியிலிருந்து விலக்கே அளிக்கப்பட்டது. பத்து லட்சம் மக்கள்தொகை கொண்ட நகரத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால் கருவி கட்டாயம். ஏற்கெனவே மோசமாக மாசடைந்த பகுதிக்கு அருகே இருந்தால் தனித்தனியாக முடிவெடுக்கப்படும். மற்ற இடங்களில் குறிப்பிட்ட உயரத்துக்குப் புகைபோக்கி இருந்தால் போதும்.

செய்யூரோ மரக்காணமோ பெரிய நகரம் அல்ல, மோசமாக மாசடைந்த பகுதியும் அல்ல. அங்கே அந்த நிலையம் எழுந்திருந்தால் இன்று அது விலக்குப் பெறும் பட்டியலில்தான் இருந்திருக்கும். சுத்தமான காற்று உள்ள ஊர் என்பதே புகைக்கு அனுமதிச் சீட்டாகிவிடும்.

முடிவுரை

மரக்காணம் உப்பளங்களுக்கு அருகே உள்ள கழுவேலி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. நீருக்கும் பறவைக்கும் இப்படிப் பாதுகாப்பு எல்லை வரையலாம். காற்றுக்கு அப்படி வேலி போட முடியாது. அதற்கு இருக்கும் ஒரே வேலி அளவீடுதான். இன்று காற்று எப்படி இருக்கிறது என்று இன்றே அளந்து எழுதி வைத்தால்தான், நாளை ஓர் ஆலை வரும்போது எவ்வளவு கெட்டது என்று கேட்க முடியும். கடலூர் மக்களுக்கு அந்தப் பழைய கணக்கு இல்லை. நோய் வந்த பிறகு வாளியைத் தூக்க வேண்டியிருந்தது.

எண்ணூரும் ஒரு காலத்தில் உப்பும் மீனும் விளைந்த ஊர்தான். அந்த ஊரின் காற்று ஒரே நாளில் கெடவில்லை. ஒவ்வொரு ஆலையாக, ஒவ்வொரு அனுமதியாக, ஐம்பது ஆண்டுகளில் கெட்டது. பக்கிங்காம் கால்வாயின் தென் முனையில் இருப்பவர்கள் வடக்கே உள்ள எண்ணூரின் வரலாற்றைப் படிக்க வேண்டியது அதனால்தான். மரக்காணத்தில் மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளைச் செதுக்கிச் சீர்செய்து மீண்டும் உவர்நீர் பாய்ச்சுவார்கள். பிறகு காற்றுக்காகக் காத்திருப்பார்கள். அந்தக் காற்று இப்போது வருவது போலவே வர வேண்டும் என்று கேட்பது அவர்களின் உரிமை.